காகிதத்தில் ஓர் இதயம்

பொட்டலம் கட்டும் கை

மளிகைக் கடையில் கடலைப் பருப்பு வாங்கினால் முன்பெல்லாம் பொட்டலமாகத்தான் கிடைக்கும். கடைக்காரர் பழைய செய்தித்தாளைக் கிழிப்பார். கூம்பு போலச் சுருட்டுவார். பருப்பைக் கொட்டுவார். வாயை இரண்டு மடிப்பு மடித்து உள்ளே செருகுவார். நூல்கூடத் தேவையில்லை. வீடு வந்து சேரும்வரை ஒரு பருப்பும் சிந்தாது.

அந்தக் கடைக்காரருக்கு யார் கற்றுக் கொடுத்தார்கள்? பார்த்துப் பார்த்துப் பழகியதுதான்.

மடிப்பது நம் நாட்டு மக்களுக்குப் புதிய வேலை அல்ல. தெலங்கானாவில் நிஜாமாபாத் பக்கம் பெண்கள் பீடி சுருட்டுகிறார்கள். இலையை அளவாக வெட்டி, தூளை வைத்துச் சுருட்டி, முனையை மடித்து அழுத்துகிறார்கள். ஒடிசாவிலும் ஜார்க்கண்டிலும் சால் மரத்தின் இலைகளை மடித்து, மெல்லிய குச்சியால் குத்தித் தொன்னை செய்கிறார்கள். காசியில் பீடாக் கடைக்காரர் வெற்றிலையை மடிக்கும் வேகத்தைக் கண்ணால் தொடர முடியாது. இவ்வளவு ஏன்? புடவைக் கொசுவத்தை ஒரே அளவாக மடிக்கும் கைக்கு அளவுகோல் வேண்டுமா?

அந்தக் கையால் இன்று ஒரு காகித இதயம் மடித்துப் பார்க்கலாம். கத்தரி ஒரே ஒரு முறைதான் வேண்டும். பசை வேண்டாம். செலவும் இல்லை.

எதற்காக மடிப்பது?

குழந்தைக்கு விளையாட்டுப் பொருளாக மடிக்கலாம். பள்ளியில் கைவேலை கேட்டால் செய்து கொடுக்கலாம். இவற்றைவிடப் பெரிய பயன் ஒன்றும் உண்டு. அதற்குள் ஒரு கடிதத்தை வைக்கலாம். வைப்பது என்றால் உள்ளே செருகுவது அல்ல. கடிதத்தையே இதயமாக மடித்துவிடலாம்.

ஒடிசாவின் கஞ்சாம் மாவட்டத்திலிருந்து ஆயிரக்கணக்கான ஆண்கள் சூரத் நகருக்குப் போகிறார்கள். அங்கே விசைத்தறியில் வேலை. பீகாரிலிருந்து பஞ்சாபின் வயல்களுக்குப் போகிறார்கள். மனைவியும் பிள்ளைகளும் ஊரில் இருப்பார்கள். மாதக்கணக்கில் பிரிவு.

எழுதத் தெரியாத மனைவி என்ன செய்வாள்? இன்லண்ட் கடிதத்தை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுப் பையனிடம் போவாள். அல்லது தபால்காரரிடம் கெஞ்சுவாள். அவள் சொல்லச் சொல்ல அவர்கள் எழுதுவார்கள். "இங்கு அனைவரும் நலம். பணம் வந்தது. மழை இல்லை. பசு கன்று போட்டது." அத்துடன் கடிதம் முடிந்துவிடும். மாமியார் பேசிய ஒரு சொல்லைப் பற்றி எழுத முடியுமா? இரவில் தூக்கம் வராததை எழுத முடியுமா? "எப்போது வருவீர்கள்?" என்று கேட்கக்கூட வெட்கம். எழுதுகிற பையன் சிரிப்பானே! ஊர் முழுவதும் சொல்வானே!

வருகிற கடிதத்துக்கும் அதே கதைதான். கணவன் எழுதியதை இன்னொருவர் உரக்கப் படிப்பார். சுற்றிலும் நாலு பேர் நிற்பார்கள்.

எழுதக் கற்றுக்கொண்டவளுக்கு இந்தத் தொல்லை இல்லை. எழுத்து கோணலாக இருக்கலாம். ஒரு புள்ளி விட்டுப் போகலாம். ஆனால் நடுவில் ஆள் இல்லை. அவள் எழுதியதை அவன் மட்டும் படிப்பான்.

இப்போதுதான் செல்போன் இருக்கிறதே, கடிதம் எதற்கு என்று கேட்கலாம். சரிதான். ஆனால் பத்துப் பேர் தங்கும் ஒரே அறையில் அவன் எங்கே போய்ப் பேசுவான்? பேச்சு காற்றோடு போய்விடும். கடிதத்தை டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்துக்கொள்ளலாம். வேண்டும்போது எடுத்துப் படிக்கலாம்.

முதலில் ஒரு சதுரம்

இதயம் மடிக்கச் சதுரமான காகிதம் வேண்டும். நான்கு பக்கமும் ஒரே நீளம் இருப்பது சதுரம். நோட்டுப் புத்தகத் தாள் சதுரம் அல்ல. ஒரு பக்கம் நீளம், ஒரு பக்கம் குட்டை.

அளவுகோல் இல்லாமல் அதைச் சதுரம் ஆக்கலாம். தாளை நெட்டாக வையுங்கள். மேல் விளிம்பு குட்டையான பக்கம். அதன் வலது மூலையைப் பிடியுங்கள். மேல் விளிம்பு முழுவதும் இடது விளிம்பின்மேல் படியும்படி கோணலாக மடியுங்கள். இப்போது ஒரு முக்கோணம் தெரியும். முக்கோணத்துக்குக் கீழே ஒரு பட்டை மிஞ்சி நிற்கும். அந்தப் பட்டையை மட்டும் வெட்டி எடுங்கள். கத்தரி இல்லாவிட்டால் மடித்து நகத்தால் தேய்த்துக் கிழிக்கலாம். முக்கோணத்தைப் பிரித்தால் சதுரம் கிடைக்கும்.

இது எப்படி நடந்தது? குட்டைப் பக்கத்தை நீளப் பக்கத்தின்மேல் கிடத்தி அளந்துவிட்டோம். காகிதமே காகிதத்தை அளந்தது. ஜவுளிக்கடைக்காரர் துணியை அளக்கிற அதே அறிவுதான் இது.

15 சென்டிமீட்டர் சதுரம் கடிதத்துக்குப் போதும். மடித்து முடித்தால் இதயம் 11 சென்டிமீட்டர் அகலமும் 9 சென்டிமீட்டர் உயரமும் இருக்கும். தபால் உறைக்குள் வைக்கலாம். கெட்டி அட்டையில் மடிக்க வேண்டாம். பல மடிப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக வரும். மெல்லிய தாள்தான் படியும்.

செய்தித்தாளில் பழகலாம். செய்தித்தாளை ஒரு திசையில் கிழித்தால் நேராகக் கிழியும். மறு திசையில் கிழித்தால் கோணல்மாணலாகப் போகும். இதைப் பலரும் பார்த்திருப்பார்கள். காகிதம் மரக்கூழாலும் கரும்புச் சக்கையாலும் செய்யப்படுகிறது. கரூர் மாவட்டம் புகழூரில் உள்ள ஆலையில் கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் எடுக்கிறார்கள். கூழில் நுண்ணிய நார்கள் உண்டு. எந்திரத்தில் ஓடும்போது நார்களில் பெரும்பாலானவை ஓடும் திசையிலேயே படுத்துவிடும். நார் போகும் திசையில் கிழிப்பது எளிது. மடிப்பதும் எளிது. மடிக்கும் இடத்தில் நார்கள் வளைந்து நசுங்கிவிடுகின்றன. அதனால்தான் மடிப்பின் தடம் பிரித்த பிறகும் போவதில்லை.

மடிக்கும் முறை

மேசை இருந்தால் நல்லது. இல்லையென்றால் தரையில் ஒரு பலகை போதும். மடியில் வைத்து மடித்தால் மடிப்பு கோணும்.

ஒரு பக்கம் வண்ணம் உள்ள காகிதம் என்றால் வண்ணம் தரையைப் பார்க்கட்டும். கடிதம் என்றால் எழுதிய பக்கம் உங்களைப் பார்க்கட்டும்.

சதுரத்தைத் திருப்பி ஒரு மூலை மேலேயும் ஒரு மூலை கீழேயும் வருமாறு வையுங்கள். வானத்தில் பறக்கும் பட்டம் போல இருக்க வேண்டும். இடது மூலையை வலது மூலையோடு சேர்த்து மடித்து, நகத்தால் தேய்த்து, பிரித்துவிடுங்கள். பிறகு மேல் மூலையைக் கீழ் மூலையோடு சேர்த்து மடித்து, தேய்த்து, பிரித்துவிடுங்கள். காகிதத்தில் இப்போது கூட்டல் குறி போல இரண்டு கோடுகள் தெரியும். ஒன்று நிற்கும் கோடு. ஒன்று படுத்த கோடு. இரண்டும் சேரும் இடம் நடுப்புள்ளி. பின்னால் வரும் வேலை முழுவதற்கும் இந்தக் கோடுகள்தாம் வழிகாட்டி. இவை கோணினால் எல்லாம் கோணும்.

மேல் மூலையைக் கீழே கொண்டுவாருங்கள். முனை நடுப்புள்ளியைத் தொட வேண்டும். அழுத்தித் தேயுங்கள். காகிதத்தின் மேல்பக்கம் இப்போது தட்டையாகிவிடும்.

அடுத்தது கீழ் மூலை. இதை நடுப்புள்ளியோடு நிறுத்தக் கூடாது. பெரும்பாலோர் தவறு செய்யும் இடம் இதுதான். மேலே வந்தது நடுவில் நின்றதால் கீழே இருப்பதும் நடுவில் நிற்க வேண்டும் என்று கை தானாக நினைத்துக்கொள்ளும். கீழ் மூலை நடுப்புள்ளியையும் தாண்டிப் போக வேண்டும். தட்டையான மேல் விளிம்பைத் தொட்டு நிற்க வேண்டும். தேய்த்துவிடுங்கள். இப்போது கீழ்ப்பக்கமும் தட்டையாகிவிட்டது. பார்த்தால் ஒரு படகு போல இருக்கும்.

இனி இதயம் வரப் போகிறது. படகின் கீழ் விளிம்பைப் பாருங்கள். அதன் நடுவில் நிற்கும் கோடு வந்து முடிகிறது. அந்த இடத்தை இடது கை விரலால் அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். கீழ் விளிம்பின் வலது பாதியைத் தூக்கி, நிற்கும் கோட்டின்மேல் படியுமாறு மடியுங்கள். வலது இறக்கை மேலே நிமிர்ந்து நிற்கும். அதன் கூர்முனை மேல் விளிம்பைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அது சரிதான். அதைக் கண்டு பயப்பட வேண்டாம். இடது பாதியையும் அதே போல மடியுங்கள். இரண்டு இறக்கைகளும் நடுக்கோட்டில் தோளோடு தோள் சேர்ந்து நிற்கும். ஒன்றன்மேல் ஒன்று ஏறக் கூடாது. இடையில் சந்தும் விழக் கூடாது.

பார்த்தால் இதயம் தெரிகிறது அல்லவா? ஆனால் மேலே இரண்டு கொம்புகள் இருக்கின்றன. பக்கங்களில் இரண்டு முழங்கைகள் இருக்கின்றன. பூனை முகம் போலவும் தோன்றும். குழந்தைகள் இந்த இடத்தில் நிறுத்தி, கண்ணும் மீசையும் வரைந்துவிடுவார்கள். வரையட்டும்.

காகிதத்தை மெதுவாகத் திருப்பிப் போடுங்கள். பின்பக்கத்தில் மேலே ஒரு படுத்த விளிம்பு தெரியும். அதற்கு மேலே இரண்டு கொம்புகள் நிற்கும். ஒவ்வொரு கொம்பின் முனையும் அந்த விளிம்பைத் தொடுமாறு மடியுங்கள். பிறகு இடது முழங்கையையும் வலது முழங்கையையும் கட்டைவிரல் நகத்தின் நீளத்துக்கு உள்ளே மடியுங்கள். மீண்டும் திருப்புங்கள். இதயம் தயார்.

முதல் முறை கோணலாகத்தான் வரும். ஒரு தோள் உயரமாக இருக்கும். மூன்றாவது தடவை சரியாகிவிடும். கை வைத்த வேலையில் பெண்கள் இதைவிடக் கடினமானதை எல்லாம் பழகியவர்கள். கோலத்தில் புள்ளி தவறினால் தெரியாதா அவர்களுக்கு!

இதில் ஒன்று கவனித்தீர்களா? யாரும் பக்கத்தில் இருந்து காட்டவில்லை. மேல், கீழ், இடது, வலது, விளிம்பு, மூலை, முனை என்ற சொற்களைப் படித்தே மடித்தீர்கள். 'விளிம்பைத் தொட' என்பதை 'நடுப்புள்ளியைத் தொட' என்று படித்திருந்தால் இதயம் வந்திருக்காது. காகிதம் போனால் இன்னொரு காகிதம் எடுக்கலாம். உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தை எத்தனை தண்ணீரில் கலக்க வேண்டும் என்பதையும், பூச்சிமருந்து டப்பாவில் போட்டிருக்கும் அளவையும் இதே நிதானத்தோடு படிக்க வேண்டியிருக்கிறது. அங்கே தவறினால் உயிருக்கே ஆபத்து.

மடிப்பில் கணக்கு

ஒரு தாளைப் பாதியாக மடித்தால் 2 அடுக்கு. மறுபடி மடித்தால் 4. பிறகு 8, 16, 32, 64, 128. ஏழே மடிப்பில் 128 அடுக்கு! சாதாரணத் தாளை அதற்கு மேல் கையால் மடிக்க முடியாது. வீட்டில் முயன்று பாருங்கள். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஒரு பள்ளி மாணவி 2002-ல் 12 முறை மடித்துக் காட்டினார். அதற்கு அவருக்கு ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளமான மெல்லிய காகிதச் சுருள் தேவைப்பட்டது.

மடிப்பிலிருந்து கணக்குச் சொல்லிக் கொடுக்கலாம் என்று கண்டவர்களில் ஒருவர் சென்னை மாகாணத்துக்காரர். அவர் பெயர் டி. சுந்தர ராவ். வருவாய்த் துறையில் அதிகாரியாக இருந்தவர். காகிதத்தை மடித்தே சதுரம், முக்கோணம், ஐங்கோணம் எல்லாம் உண்டாக்கும் வழிகளை ஆங்கிலத்தில் ஒரு புத்தகமாக எழுதினார். 1893-ல் சென்னையில் அது அச்சாயிற்று. ஜெர்மனியின் பெரிய கணித மேதை பெலிக்ஸ் கிளைன் தம் நூலில் அதைக் குறிப்பிட்டார். 1901-ல் அமெரிக்காவின் சிகாகோ நகரில் அதே புத்தகம் மறுபடி வெளிவந்தது. வரி வசூல் கச்சேரியில் கணக்குப் பார்த்த ஒருவர் காகிதத்தை வைத்து உலகத்துக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தார்.

நம் காலத்தில் அரவிந்த் குப்தா என்ற பொறியாளர் இருக்கிறார். பழைய செய்தித்தாள், தீக்குச்சி, சைக்கிள் வால்வு டியூப் ஆகியவற்றைக் கொண்டு குழந்தைகளுக்கு அறிவியல் கற்பிக்கும் வழிகளைக் காட்டினார். 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

ஜப்பான் நாட்டில் இது பெரிய கலை. காகிதம் மடிப்பதை அவர்கள் 'ஒரிகாமி' என்கிறார்கள். 'ஒரி' என்றால் மடிப்பு. 'காமி' என்றால் காகிதம். ஆயிரம் காகிதக் கொக்கு மடித்தால் நினைத்தது நடக்கும் என்பது அங்கே ஒரு நம்பிக்கை. 1945 ஆகஸ்ட் 6-ல் ஹிரோஷிமா நகரில் அணுகுண்டு விழுந்தது. அப்போது சடாகோ சசாகி என்ற பெண்குழந்தைக்கு 2 வயது. தப்பிப் பிழைத்தாள். பத்து ஆண்டுகள் கழித்து இரத்தப் புற்றுநோய் வந்தது. ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருந்தபடி கொக்கு மடித்தாள். மருந்து சுற்றி வந்த காகிதத்தைக்கூட விடவில்லை. 1955 அக்டோபர் 25-ல் இறந்துபோனாள். வயது 12. அவள் நினைவாக 1958-ல் அங்கே ஒரு சின்னம் எழுப்பினார்கள். இன்றும் பல நாட்டுக் குழந்தைகள் காகிதக் கொக்குகளை மடித்து அங்கே அனுப்புகிறார்கள்.

உண்மையான இதயம்

நம் நெஞ்சில் இருக்கும் இதயம் இந்த வடிவத்தில் இல்லை. காகித இதயம் வெற்றிலை போல இருக்கிறது. அரசிலை போல இருக்கிறது. சீட்டுக்கட்டில் ஆட்டின் போல இருக்கிறது. உண்மையான இதயம் அவரவர் கை முஷ்டி அளவு இருக்கும். மார்பின் நடுவில், சற்று இடப்பக்கம் சாய்ந்திருக்கும். அதற்குள் நான்கு அறைகள் உண்டு. சும்மா இருக்கும்போது நிமிடத்துக்குச் சுமார் 72 முறை துடிக்கும். ஒரு நாள் கணக்குப் போட்டால் ஒரு லட்சத்தைத் தாண்டும். நெஞ்சு அழுத்தி, வியர்த்து, வலி இடது கைக்குப் பரவினால் வாயுப் பிடிப்பு என்று கஷாயம் வைத்துக்கொண்டிருக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கடிதத்தை மடிக்கும்போது

கடிதமாக மடிப்பவர்களுக்கு இன்னும் ஒரு விஷயம் தெரிய வேண்டும். எழுதிய பக்கம் கிட்டத்தட்ட முழுவதும் உள்ளே மறைந்துவிடும். இரண்டு மூலைகள் மட்டும் பின்பக்கத்தில் கொம்புகளின் அடியில் எட்டிப் பார்க்கும். ஆகவே எழுதுவதற்கு முன்பே வெறும் தாளை ஒரு முறை மடித்துப் பாருங்கள். உள்பக்கம் எங்கே வெளியே தெரிகிறதோ அங்கே பென்சிலால் புள்ளி வையுங்கள். பிரித்துவிட்டு எழுதத் தொடங்குங்கள். புள்ளி வைத்த இரண்டு மூலைகளிலும் நான்கு சென்டிமீட்டர் இடம் விட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் எந்த வரியை மறைக்க நினைத்தீர்களோ அதுதான் வெளியே தெரியும்.

மை காய்ந்த பிறகே மடிக்க வேண்டும். மடிப்பின் தடம் முன்பே விழுந்திருப்பதால் இரண்டாம் முறை மடிப்பது எளிது. பின்பக்கத்தில் சிறிதளவு பசை தொட்டால் வழியில் பிரியாது. அதிகம் பூசினால் பிரிக்கும்போது கிழிந்துவிடும். இன்லண்ட் கடிதத்தை அவசரமாகக் கிழித்து, நடுவில் இரண்டு வரியை இழந்தவர்களுக்கு அந்த வருத்தம் தெரியும்.

வெறும் இதயமாக அனுப்பினால் வாங்குபவர் அதை அழகுப் பொருள் என்று நினைத்துச் சுவரில் ஒட்டிவிடவும் கூடும். உள்ளே எழுத்து இருப்பது அவருக்குத் தெரியாது. அதனால் முன்பக்கத்தின் கீழ்முனையில் சிறிய எழுத்தில் எழுதுங்கள்: "பிரித்துப் படிக்கவும்."